அசையாத பூ

காற்றுக்குப் பயப்படாத மனிதர் என்று ஞானசேகரம் மாஸ்டரைப் பற்றி ஊரில் யாராவது சொன்னால் குணேஸ்வரிக்குச் சிரிப்பு வரும். அவரைப் போலக் காற்றோடு பகை கொண்ட ஆள் இறக்கக்கண்டியில் வேறொருவர் இல்லை. கடலுக்குப் போகிறவர்கள்கூட அந்த அளவுக்குக் காற்றைத் திட்டுவதில்லை. காற்று வீசினால் செடி ஆடும், செடி ஆடினால் படம் கலங்கும், படம் கலங்கினால் மாஸ்டர் இரண்டு நாளைக்கு ஒழுங்காகச் சோறு தின்னமாட்டார். மற்றபடி அவருக்கும் காற்றுக்கும் இடையில் கொடுக்கல் வாங்கல் ஒன்றும் கிடையாது.

பூமிசாஸ்திரம் படிப்பிக்கிற வாத்தியாருக்குக் காட்டுச் செடிகளில் இந்தப் பித்து எங்கிருந்து தொற்றியது என்பது அவளுக்குத் தெரியாது. கட்டிக்கொள்ளும்போதே இருந்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்கே வேலியோரம் குந்தியிருந்து ஏதோ புல்பூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான். "நிலத்தைப் பார்த்து நடக்கிற பிள்ளை, நல்ல அடக்கம்" என்று அவளுடைய தகப்பனார் மெச்சினார். அடக்கமாவது மண்ணாவது! நிலத்தில் என்ன முளைத்திருக்கிறது என்றல்லவா அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது.

மார்கழி விடுமுறை விட்டதும் மற்ற ஆசிரியர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். இவர்கள் மட்டும் பள்ளிக்கூடத்தை ஒட்டிய குவாட்டர்ஸில் கிடப்பார்கள். மழை பெய்தால்தானே செடிகள் தலை நீட்டும்? குடையும் கையுமாக அவர் முன்னால் போவார். கமராப் பெட்டி நனையாமல் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அவள் பின்னால் போவாள்.

அவர் படம் எடுக்கிற விதமே தனி. அது இரண்டு கண் வைத்த பெட்டிக் கமரா. அதன் மூன்று காலையும் அகட்டி நிலத்தோடு நிலமாக வைத்துவிட்டு, பழைய குடைத்துணிகளை மூட்டித் தைத்த கறுப்புத் துணியால் தலையையும் பெட்டியையும் சேர்த்து மூடிக்கொண்டு குப்புறப் படுத்துவிடுவார். அதற்குப் பிறகு கண்ணாடியில் தெரிகிற செடியைத் தவிர உலகத்தில் வேறொன்றும் அவருக்கு இல்லை. பாம்பு வந்தாலும் மாடு முட்ட வந்தாலும் பார்க்கவேண்டியவள் குணேஸ்வரி. செடிக்குப் பக்கத்தில் ஒரு தடியை நட்டு அதில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டிவிடுவார். மழை மூட்டத்தில் வெளிச்சம் போதாது. கமராவின் கண்ணை நெடுநேரம் திறந்து வைத்திருக்கவேண்டும். அந்த நேரத்துக்குள் ஓர் இலைகூட அசையக்கூடாது. நூல் அடங்கித் தொங்கும்போது அவள் "இப்ப" என்று சொல்லவேண்டும். அவள் சொல்லாமல் அவர் பொத்தானை அமுக்கமாட்டார். ஈர மண்ணில் குந்தியிருந்து நூலைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் பூத்துப்போகும். ஆனாலும் அந்த ஒரு சொல்லில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பொய் சொல்வானேன்.

மூன்று மார்கழியாக அவர் ஒரு பூவைத் துரத்திக்கொண்டிருந்தார். களப்பு என்கிற உப்பேரியின் கரைப் பாறைக்குப் பின்னால் இலையில்லாத ஒற்றைத் தண்டு எழும்பி, உச்சியில் வெள்ளையாகப் பூக்கும். தொண்டையில் மட்டும் இலேசான பச்சை. அந்த வட்டாரம் முழுக்கத் தேடியும் அந்த ஒரு செடிதான். முதல் வருஷம் வாடின பிறகு கண்டார். அடுத்த வருஷம் எடுத்த படம் காற்றில் கலங்கிப் புகைபோல வந்தது. கொழும்பில் செடிகொடி ஆராய்கிற ஒருவரிடம் அதைக் காட்டியபோது, "இந்தச் சாதி கிழக்குக் கரையில் இராது. தெளிவான படம் இருந்தால் கொண்டு வாரும்" என்று சொல்லிச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பு மாஸ்டருக்குத் தொண்டையில் சிக்கின மீன்முள். இந்த வருஷம், அறுபத்து நாலாம் ஆண்டு மார்கழியில், மொட்டைக் கண்ட நாளிலிருந்து தினம் இரண்டு தரம் போய்ப் பார்த்துவந்தார். அது விரிந்த அன்றைக்குத்தான் சூறாவளி வந்தது.

விடியும்போதே வானம் செம்புப் பானைபோல இருந்தது. பத்து மணிக்கு வாடைக்காற்று எழும்பிற்று. மதியத்துக்குள் அது காற்றாகவே இல்லை. வடக்கிலிருந்து யாரோ சுவரைப் பிடித்துத் தள்ளுவதுபோல வீடு அதிர்ந்தது. பனைகள் முறிகிற சத்தம் வெடி வெடிப்பதுபோலக் கேட்டது. கடற்கரையில் தோணி வைத்துத் தொழில் செய்கிற ஆதம்பாவாவும் மனைவி ஸல்ஹாவும் கைக்குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர்களுடைய தென்னங்கிடுகு வீடு கண்ணுக்கு முன்னாலேயே எழும்பிப் போய்விட்டதாம். கதவுக்குக் குறுக்கே மரச்சட்டத்தைப் போட்டு, மேசையையும் அலுமாரியையும் இழுத்து அண்டைகொடுத்துவிட்டு நாலு பேரும் நடு அறையில் ஒடுங்கினார்கள். ஓடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று பறந்தன. குணேஸ்வரிக்குத் தெரிந்த தேவாரமெல்லாம் முதல் வரியோடு நின்றுபோயிற்று. கோணேசப் பெருமானே, கோணேசப் பெருமானே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஸல்ஹாவின் உதடுகளும் ஓயவில்லை.

பிறகு காற்று நின்றது. பொங்கி வழிந்த பாலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்ததுபோலச் சட்டென்று எல்லாம் அடங்கிற்று. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் தனித்துக் கேட்டது. ஓட்டுப் பொத்தல் வழியாக மஞ்சள் வெளிச்சம் விழுந்தது.

"தோணி கிடக்கோ போச்சோ, ஒருக்காப் பாத்திட்டு வந்திர்ரன்" என்று ஆதம்பாவா எழும்பினார். மேசையையும் அலுமாரியையும் நகர்த்தி, சட்டத்தைத் தூக்கிவிட்டு வெளியே போனார். தோணி இல்லையென்றால் அந்தக் குடும்பத்துக்குச் சோறு இல்லை. ஸல்ஹா மறித்துப் பார்த்தாள், அவர் கேட்கவில்லை. மாஸ்டர் அடுப்படிக் குசினிப் பக்கம் போனார். ஓடு பார்க்கப் போகிறார் என்று குணேஸ்வரி நினைத்தாள். நிலத்தில் தேங்கின தண்ணீரை வாரி வெளியே ஊற்றிவிட்டு நிமிர்ந்தபோதுதான் அலுமாரிக் கதவு திறந்து கிடந்தது கண்ணில் பட்டது. கமராப் பெட்டி இல்லை. சுவரில் தொங்கின கறுப்புத் துணியும் இல்லை.

எங்கே போயிருக்கிறார் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரியாமல் போன மனிதர் என்றால் வேறு கதை. இவர் எல்லாம் தெரிந்தவர். ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூட யன்னல் வழியாக அவள் குசினியில் நின்றபடியே கேட்டிருக்கிறாள்: "சூறாவளிக்கு ஒரு கண் உண்டு, பிள்ளைகள். கண்ணுக்குள்ளே காற்று இல்லை. கண் கடந்தவுடனே மற்றப் பக்கத்துக் காற்று வரும். அது முந்தினதைவிடப் பொல்லாதது." கரும்பலகையில் வட்டம் கீறி நடுவில் புள்ளி வைத்துச் சொல்வார். அதே மனிதர்தான் இப்போது அந்தப் புள்ளிக்குள் இறங்கிப் போயிருக்கிறார். காற்று இல்லாத நேரம். ஓர் இலைகூட ஆடாத நேரம். மூன்று வருஷமாக அவர் கேட்டுக் கிடைக்காத வரம் அல்லவா? ஊரெல்லாம் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்க, இவருக்கு மட்டும் படம் எடுக்க நல்ல நேரமாகத் தெரிந்திருக்கிறது. ஆசை வெட்கமறியாது என்பார்கள். அது சாவையும் அறியாது போலிருக்கிறது.

"மாஸ்டர் எங்க தங்கச்சி?" என்று ஸல்ஹா கேட்டாள்.

"பள்ளிக்கூடத்து ஓடுகளைப் பார்க்கப் போனவர். கூட்டிக்கொண்டு வாறன், அக்கா."

வாயில் வந்த பொய். ஒருத்தியின் புருஷன் தோணிக்காகப் போயிருக்கும்போது, என்னுடையவர் பூவுக்காகப் போனார் என்று எந்த முகத்தோடு சொல்வது?

அவள் ஓடினாள். வழியே தெரியவில்லை. பனைகளும் வேலிகளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. களப்புத் தண்ணீர் கரையை மீறி ஒழுங்கைப் பாதைக்குள் ஏறிக் கணுக்காலில் வெதுவெதுப்பாகத் தொட்டது. மார்கழித் தண்ணீர் சுடுமா? மேலே ஒரு வட்டத் துண்டு வானம் திறந்திருந்தது. சுற்றிவர மேகம் கிணற்றுச் சுவர்போல நின்றது. நிலமெல்லாம் கடற்பறவைகள் உட்கார்ந்திருந்தன. அவளுடைய கால் பட்டும் ஒன்றும் பறக்கவில்லை. கழுத்தை இழுத்துக்கொண்டு அவளைப் பார்த்தன. அந்தப் பறவைகளைக் கண்டபோதுதான் அவளுக்கு உண்மையான பயம் பிடித்தது. அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது, இன்னும் முடியவில்லை என்று. "இஞ்சருங்கோ!" என்று கத்தினாள். அந்த அமைதியில் அவளுடைய குரல் அவளையே திடுக்கிட வைத்தது.

பாறைக்குப் பின்னால் அவர் படுத்திருந்தார். முழங்காலுக்குக் கீழே தண்ணீர். தலைமேல் கறுப்புத் துணி. முன்னால் அந்தப் பூ, ஓர் இதழும் குலையாமல், படத்தில் எழுதினதுபோல நின்றது. பாறை மறைத்துக் காப்பாற்றியிருக்கிறது. தடியும் நூலும்கூட நட்டிருந்தார்.

"எழும்புங்கோ. என்ன பைத்தியம் இது? வாங்கோ வீட்டை!"

"வந்திட்டீரோ, நல்லதாப் போச்சு. கண்ணாடியில ஆவிப் புகார் பிடிக்குது, குணம். துடைக்கத் துடைக்கப் பிடிக்குது. இப்பதான் கொஞ்சம் தெளியுது." துணிக்குள்ளிருந்து வந்த குரலில் பயமே இல்லை. கோயிலுக்குள் கதைக்கிறதுபோல மெதுவாகக் கதைத்தார். "ஒரே ஒரு படம்."

"கண் போகப்போகுது. உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும். அரை மணித்தியாலமாவது இருக்கும்."

"நடுக்கண்தான் எங்களுக்கு மேலால போகுதெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? ஓரம் போனால்?"

அவர் கண்ணாடியை இன்னொரு தரம் துடைத்தார். ஓரம் போனால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று வகுப்பில் சொன்னவரும் அவர்தானே. அவள் அவருடைய காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசைக்க ஏலவில்லை. தோளைப் பிடித்து உலுப்பினாள். "கமராவைத் தட்டிப்போடாதேயும்!" என்று சீறினார். கல்யாணம் கட்டி இத்தனை வருஷத்தில் அப்படிச் சீறி அவள் கேட்டதில்லை.

"நூலைப் பாரும்" என்றார் பிறகு, பழைய மெதுவான குரலில். "பார்த்து, இப்ப எண்டு சொல்லும்."

பழக்கம் பொல்லாதது. இவ்வளவு நடுக்கத்திலும் அவள் திரும்பி நூலைப் பார்த்தாள். அது செத்ததுபோலத் தொங்கிற்று. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நுனி ஒரு தரம் துடித்தது. மெல்ல எழும்பி வடக்குப் பக்கம் நீண்டது. காலையிலிருந்து எல்லாம் தெற்கே அல்லவா சாய்ந்துகொண்டிருந்தது? மார்கழியில் வராத காற்று தெற்கிலிருந்து வருகிறது. தூரத்தில், தெற்கே நிலாவெளிப் பக்கமாக, கல் ஏற்றின லொறிகள் வரிசையாக வருவதுபோல ஓர் உறுமல். நிலத்தில் இருந்த பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பின.

"காத்துத் திரும்பீட்டுது. ஐயோ, திரும்பீட்டுது! எழும்புங்கோ!"

"பூ ஆடுதோ?"

பூ ஆடவில்லை. நூல் தடியின் உச்சியில் இருந்தது; கீழே பூவுக்கு அந்தக் காற்று இன்னும் இறங்கவில்லை.

"ஆடேல்லை, எனக்குத் தெரியுது. சொல்லுமன் குணம், இப்ப எண்டு சொல்லும்."

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் அமுக்குவார்; அமுக்கிவிட்டு, வெளிச்சம் போதாது, எண்ணி முடியட்டும் என்பார். அது முடிந்தால் இன்னொன்று என்பார். அவரை அவளுக்குத் தெரியாதா? இந்தப் பூ இங்கே நிற்கும்வரைக்கும் இந்த மனிதர் எழும்பமாட்டார். தண்ணீர் கழுத்துக்கு வந்தாலும் எழும்பமாட்டார்.

அவள் குனிந்து தண்டை அடியில் பிடித்து ஒரே இழுவையில் பிடுங்கினாள். கிழங்கும் மண்ணுமாக வந்தது.

அவர் மெதுவாகத் துணியை விலக்கித் தலையை வெளியே எடுத்தார். செடி நின்ற குழியைப் பார்த்தார். அவளுடைய கையைப் பார்த்தார். முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிள்ளையைப் பறிகொடுத்தவரின் முகமாக அல்லவா அது இருந்தது.

அடுத்த நொடியில் காற்று வந்து விழுந்தது.

எப்படி வீட்டுக்கு வந்தார்கள் என்று குணேஸ்வரியால் கோர்வையாகச் சொல்ல ஏலாது. ஒரு கையால் அவர் அவளைப் பிடித்திருந்தார். மறு கையில் பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தார். அதை மட்டும் விடவில்லை. தகரம் ஒன்று தலைக்கு மேலால் சீறிக்கொண்டு போயிற்று. தண்ணீர் முழங்காலுக்கு வந்து, இடுப்புக்கு வந்தது. தலைக்கு மேல் போனால் சாண் என்ன, முழம் என்ன என்கிற துணிவுகூட அவளுக்கு வரவில்லை. விழுந்தும் எழும்பியும் ஊர்ந்தும் வந்தார்கள். ஸல்ஹா உள்ளேயிருந்து கதவைத் திறந்தாள். திறந்தவள் மூன்றாவதாக ஒருவர் பின்னால் வருகிறாரா என்று எட்டிப் பார்த்தாள். வரவில்லை. மூன்று பேருமாகக் கதவைச் சாத்திச் சட்டத்தைப் போட்டு, மேசையைத் தள்ளினார்கள். அப்போது ஸல்ஹாவின் கண் மாஸ்டர் கையிலிருந்த கமராப் பெட்டியில் ஒருகணம் நின்றது. ஓடு பார்க்கப் போகிறவர் கமரா கொண்டு போவாரா? அவள் ஒன்றும் கேட்கவில்லை.

தெற்குக் காற்று வடக்குக் காற்றின் மிச்சத்தை முடித்தது. குசினிச் சுவர் விழுந்தது. நடு அறையின் ஒரு மூலைக்கு மட்டும் கூரை மிஞ்சியது. அதற்குக் கீழே மாஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். குணேஸ்வரி கூப்பிட்டாள், திரும்பவில்லை. துடைக்கத் துவாய் கொடுத்தாள், வாங்கவில்லை. அவளுடைய உள்ளங்கையில் தண்டும் பூவும் கசங்கிக் கீரைமாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. ஸல்ஹா கதவுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக் குழந்தையோடு இருந்தாள். கதவில் ஏதாவது வந்து மோதும்போதெல்லாம் பாதி எழும்பினாள். மோதினது மரக்கொப்பு என்று தெரிந்ததும் உட்கார்ந்தாள். அப்படி எத்தனை தரம் எழும்பியிருப்பாள்!

காற்றின் சத்தம் கொஞ்சம் இறங்கினபோது குணேஸ்வரி அவளுக்குக் கிட்டப் போனாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"நான் உங்களுக்குப் பொய் சொன்னனான், அக்கா. அவர் ஓடு பார்க்கப் போகேல்லை. ஒரு பூவைப் படம் எடுக்கப் போனவர். எழும்பமாட்டனெண்டார். நான் அந்தப் பூவைப் பிடுங்கிப்போட்டன். மூண்டு வருஷமாத் தேடின பூ. இனி என்னோட கதைக்கமாட்டார்."

ஸல்ஹா குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். கண் கதவிலேயே இருந்தது. குரலில் குத்தல் இல்லை, கோபம் இல்லை. கறிக்கு உப்புப் போதும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"கதைக்காட்டி இருக்கட்டும் தங்கச்சி. கதைக்காம இருக்கிறத்துக்கு ஒங்கட ஊட்டுல ஆள் இருக்கே."

சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த முதுகு அசைந்தது. மாஸ்டர் எழும்பினார். மடியிலிருந்த கமராப் பெட்டியை நிலத்தில், தண்ணீருக்குள்தான், வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். மூலையில் கிடந்த கிணற்றுக் கயிற்றை எடுத்து இடுப்பில் சுற்றினார்.

"ஆதம்பாவா தோணியை எவடத்தில கட்டினவர்?" என்று ஸல்ஹாவிடம் கேட்டார்.

"வடக்கால, மாஸ்டர். பூவரச மரத்தடியில."

அவர் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். குணேஸ்வரி அங்கேதான் நின்றாள். காற்று இறங்கியிருந்ததே தவிர ஓயவில்லை. எங்கோ தகரம் ஒன்று இழுபட்டுக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. களப்புத் தண்ணீர் இதற்குள் எவ்வளவு ஏறியிருக்குமோ! இன்னும் கொஞ்சம் பொறுத்துப் போங்கோ என்று சொல்ல அவளுக்கு வாய் உன்னிற்று. அந்த ஒரு சொல்லைச் சொன்னால் அவர் நின்றாலும் நிற்பார். பூவுக்காகப் போனவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாயிற்று. இதற்கு எதைப் பிடுங்குவது? ஸல்ஹா அவளைப் பார்த்தாலாவது ஏதாவது சொல்லியிருப்பாள். ஸல்ஹா அவளைப் பார்க்கவில்லை. குழந்தையின் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அதுதான் குணேஸ்வரியால் தாங்க ஏலாமல் இருந்தது.

அவள் மேசையைத் தள்ளினாள். சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கி எடுத்தாள். அது கையிலிருந்து நழுவி அவளுடைய காலிலேயே விழுந்தது.

"பாத்துப் போங்கோ" என்றாள்.

"போட்டு வாறன், குணம்" என்றார் அவர்.

கதவு திறந்ததும் காற்று உள்ளே பாய்ந்தது. இரண்டு பெண்களும் தோள் கொடுத்துத் தள்ளி மறுபடியும் சாத்தினார்கள். ஸல்ஹா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டாள். குணேஸ்வரி அவளுக்குப் பக்கத்தில், கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.